சிவப்பு மைக்கு விடுமுறை
கவிதைக்கு விளக்கம் எழுதியே பழகிய பிள்ளைகள் கவிதை எழுத முடியுமா?

ஆறாம் வகுப்பு மாணவனிடம் மழையைப் பற்றிக் கவிதை கேளுங்கள். மயில் ஆடும், தவளை கத்தும், விவசாயி சிரிப்பார், கடைசி வரியில் 'மரம் வளர்ப்போம்' என்று அறிவுரை வரும். எல்லாம் பாடப் புத்தகச் சரக்கு. அவன் வீட்டு ஓட்டுக்கூரை எந்த மூலையில் ஒழுகுகிறது என்பது மட்டும் இருக்காது.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. இந்தி மாநிலப் பள்ளிகளில் கவிதை என்றால் 'சந்தர்ப் சகித் வியாக்யா'. அதாவது, நம் ஊர் 'இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக'. விளக்கத்துக்குத்தான் மதிப்பெண். எழுதிப் பார்ப்பதற்கு இல்லை.

மாற்று வழி புதிதல்ல. ரவீந்திரநாத் தாகூர் 1901இல் ஐந்து மாணவர்களோடு சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். இன்று பாட பவன் எனப்படும் அந்தப் பள்ளியில் மாணவர்கள் தாங்கள் எழுதியதைச் சபையில் படிக்கும் 'சாகித்ய சபா' ஒரு மரபு. போபாலில் ஏகலவ்யா அமைப்பு 1985இல் தொடங்கிய 'சக்மக்' என்ற இந்திச் சிறுவர் மாத இதழில், 'மேரா பன்னா' (என் பக்கம்) முழுக்கச் சிறுவர்களின் எழுத்துக்கும் ஓவியத்துக்கும்தான். இரண்டும் உணர்த்துவது ஒன்றே: திருத்துபவருக்காக எழுதும் பிள்ளை பயந்து எழுதுகிறது, கேட்க ஆள் இருந்தால் சொந்தக் குரலில் எழுதுகிறது.

வகுப்பில் செய்ய வேண்டியதும் எளிது. 'மழை' என்ற தலைப்பை விட்டுவிட்டு, 'இன்று காலை உன் வீட்டில் கேட்ட மூன்று சத்தங்கள்' என்று கேட்கலாம். எதுகை கட்டாயமில்லை, அறிவுரைக்கு அனுமதியில்லை. எழுதியதை உரக்கப் படிக்கட்டும். இடறும் சொல்லை எழுதிய பிள்ளையே அடிக்கட்டும்.

இதில் பணயம் வெறும் ரசனை அல்ல. 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கை, இயன்றவரை ஐந்தாம் வகுப்பு வரையிலாவது, முடிந்தால் எட்டாம் வகுப்பு வரை, வீட்டு மொழியில் பாடம் நடத்தச் சொல்கிறது. அதாவது, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில்தான் வீட்டுச் சொல் நழுவும் ஆபத்து அதிகம். மத்தியப் பிரதேசத்தின் பேதுல், மண்ட்லா மாவட்டங்களில் கோண்டி பேசும் வீட்டுச் சிறுமி கோடையின் தொடக்கத்தில் விடியுமுன் இலுப்பைப் பூ பொறுக்கப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அந்த வாசனைக்கு அவளிடம் இருக்கும் வீட்டுச் சொல் இந்திக் கட்டுரையில் பிழை. கவிதையிலோ, அதுவே முதல் வரி.

எல்லோரும் கவிஞராகப் போவதில்லை. ஆனால் தன் சொல்லும் தாளில் ஏறும் என்பது பன்னிரண்டு வயதில் தெரிந்துவிட வேண்டும். ஆசிரியருக்கு இதில் பெரிய செலவில்லை: வாரம் ஒரு வகுப்பு நேரம், மூடி திறக்காத ஒரு சிவப்புப் பேனா.