பழைய கார் வாங்க வரும் "பட்டாளத்துக்காரர்"! ரகசிய எண்ணைத் தட்டினால் பணம் அம்பேல்!!

ஆரணி பட்டு வியாபாரி ஒருவர், சேலை மூட்டை ஏற்றிய பழைய காரை விற்க செல்போனில் விளம்பரம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் போன் வரும்.

"சார், நான் மிலிட்டரியில இருக்கேன். லீவு இல்லை, நேரில் வரமுடியாது. கேட்ட விலையே தர்றேன்" என்பான் ஆசாமி. ராணுவ அடையாள அட்டைப் படமும் வரும். போலி!

பேரம் பேசாமல், பார்க்காமல் கார் வாங்குகிறவன் உண்டா? ஒரு சேலைக்கே நாலு கடை ஏறி இறங்கும் ஊர் இது!

5 ரூபாய் தூண்டில்

"5 ரூபாய் அனுப்பிப் பாருங்க" என்பான். 10 ரூபாயாகத் திருப்பித் தருவான். நம்பிக்கை வந்ததும் "கியூ.ஆர். கோடு" அனுப்பி, "ஸ்கேன் பண்ணி 'பின்' நம்பர் போடுங்க, அட்வான்ஸ் வந்துடும்" என்பான். போட்டால் உங்கள் பணம்தான் போகும். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம்!

இன்னொரு தினுசு: "தவறிப்போய் 20 ஆயிரம் கூடுதலா போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க" என்று போலி ரசீது வரும். ரசீதைப் பார்க்காதீர்கள், பாங்கி கணக்கைப் பாருங்கள்.

ராஜஸ்தான் பரத்பூர், அரியானா மேவாத் பகுதி கும்பல்கள் இந்த வேலையில் பலமுறை சிக்கியுள்ளன.

முழுப்பணம் கணக்கில் ஏறும்வரை ஆர்.சி. புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். 29, 30-ம் நம்பர் படிவங்களில் கையெழுத்தும் கூடாது.

ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்யவேண்டும். பணம் கைமாறி எடுக்கப்படும் முன்பு முடக்கிவிட்டால் மீட்க வழி உண்டு. பணம் போன நேரம், பரிவர்த்தனை எண் இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.