தாய்வீடும் வரலாற்றுக் கல்வியும்: உன்னிச்சைப் புறத்திலிருந்து சில சிந்தனைகள்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாது வீட்டிலேயே கற்பித்தல் வேண்டும் என்னும் கருத்து மேலைநாடுகளில் 1970களிலே வலுப்பெற்றது. பள்ளியென்னும் நிறுவனத்தையே மறுத்து 1971இல் நூலெழுதிய ஐவன் இல்லிச்சும், வீட்டுக் கல்விக்கெனவே 1977இல் இதழொன்றைத் தொடங்கிய ஜோன் ஹோல்ட்டும் இவ்வகையிற் குறிப்பிடத்தக்கவர்கள். ஆயின் பள்ளியை மறுப்பதற்கு முதலிற் பள்ளி இருத்தல் வேண்டும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் உட்புறத்தே அமைந்த உன்னிச்சை போன்ற ஊர்களில், 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர் முதல் 2007இன் இடப்பெயர்வு வரை பிள்ளைகளின் படிப்புப் பலமுறை அறுபட்டது. அங்கு வீடு கல்விக்கூடமானது எவருடைய விருப்பத்தினாலும் அன்று. 1945இல் வந்த இலவசக் கல்வியின் பயனை அரைகுறையாகவே பெற்ற மக்களிடம் சென்று பள்ளி வேண்டாமென்று கூறும் வாதத்தில் எமக்கு உடன்பாடில்லை.

ஆனால், குடும்ப வாழ்வு வரலாற்றைக் கற்பிக்கின்றதா என்ற வினாவை அவ்வாதத்தோடு சேர்த்துத் தள்ளிவிட முடியாது. அதற்கு விடை காண உன்னிச்சைப் புறத்து வீடொன்றையே சான்றாகக் கொள்வோம்.

நாம் சென்றிருந்த வீட்டிலே பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க சிறுமி ஒருத்தி எமக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினாள். நடு அறை அம்மா முதன்முறை குவைத்துக்குப் போனபோது கட்டியது. குசினியும் பின்விறாந்தையும் இரண்டாம் முறை போனபோது கட்டியவை. பூசப்படாத சுவர் அம்மா இடையிலே திரும்பி வந்த ஆண்டுக்குரியது. கட்டடத்தைப் படைபடையாகப் பிரித்துக் காலங் கணிக்கும் தொல்லியலாளனின் முறைக்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை. இவ்வீடு யாருக்கு என்று கேட்டபோது தனக்கு என்றாள். ஏன் தம்பிக்கு இல்லை என்றதற்கு அவளிடம் விடையில்லை, திண்ணையிலிருந்த பெத்தா குறுக்கிட்டார்: “பொம்புளப் புள்ளைக்குத்தானே வளவும் வீடும். அது நம்மட வழம.”

‘வழமை’ என்ற இச்சொல்லுக்குள்ளே நூற்றைம்பது ஆண்டுக் கால மாற்றம் ஒன்று மறைந்து கிடக்கின்றது. மட்டக்களப்புப் பிரதேசத்தின் குடிமுறை தாய்வழிப்பட்டது. பிள்ளை தாயின் குடியைச் சேர்வதும், மணமானபின் ஆண் பெண்வீட்டிற் சென்று வாழ்வதும் இன்றும் காணக்கூடியவை. முக்குவர் சட்டம் எனப்பட்ட பழைய வழக்கின்படி முதுசொம் பெண்வழியிலே இறங்கிற்று. தாய்மாமனின் உடைமைக்குச் சகோதரியின் பிள்ளைகள் உரித்தாளராயினர். இவ்வழக்கினைக் கிறிஸ்தோபர் பிரிற்றோ நூலாக்கி வெளியிட்ட 1876ஆம் ஆண்டிலேயே குடியேற்ற அரசின் மணவுரிமை, உரித்துரிமைக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டு, மட்டக்களப்பாரின் உரித்துமுறை பொதுச்சட்டத்தின்கீழ் வந்தது. ஏட்டிலே பழைய முறை முடிந்தது. மக்களோ, இறந்தபின் பெண்வழி இறங்கிய சொத்தை இருக்கும்போதே பெண்ணுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்தனர். சட்டம் ஒரு வாசலை மூட, வழக்கம் மறுவாசலால் வீட்டுக்குள் வந்தது எனலாம்.

வயலும் வளவும் உடைய போடியார் குடும்பத்துக்கு இது இயல்பாக முடிந்திருக்கும். அவருடைய வயலிற் கூலிக்கு இறங்கியவனுக்கும் மகள் இருந்தாள். அவளுக்கும் வீடு வேண்டும். நிலவுடைமையாளரின் வழமை நிலமற்றோரின் கடமையான இடத்திலேதான் இவ்வழக்கத்தின் வர்க்க முகம் தெரிகின்றது. 1970களின் இறுதியிலிருந்து மத்திய கிழக்கு நாடுகள் வீட்டுப் பணிக்குப் பெண்களை அழைத்தபோது, மகளின் வீட்டுக்கான செலவைத் தாயின் உழைப்பு ஏற்றது. மகளுக்கு வீடு கட்டுதற்பொருட்டுத் தாய் பிறர் வீட்டிலே பணிசெய்கிறாள். சிறுமி காட்டிய பூசப்படாத சுவர், தாய்வழி உரித்துமுறையும் உலகச் சந்தையும் வந்து சந்தித்த இடம். அவள் அதனை நன்கு அறிவாள்; ஆனால் அதனை வரலாறு என்று அறியாள்.

இங்கு அந்தோனியோ கிராம்சி ‘பொதுப்புத்தி’ பற்றிக் கூறியவை நினைவுக்கு வருகின்றன. மக்களின் அன்றாட அறிவை அவர் இகழ்ந்தாரல்லர். அதனை அப்படியே ஏற்றாருமல்லர். வீடு உண்மைகளைத் தருகின்றது, காரணங்களைத் தருவதில்லை. ‘போடியார்’ என்ற சொல்லை வயலுக்குச் சோறு கொண்டுபோகும் பிள்ளை மரியாதைச் சொல்லாகவே கற்கின்றது. அது ஓர் உற்பத்தி உறவின் பெயரென்பதை வரம்பிலே யாரும் சொல்வதில்லை. கோயிற் சடங்கிலே எந்தக் குடிக்கு என்ன உரிமை, எந்தச் சாதியார் எங்கு நிற்பர் என்பனவும் அவ்வாறே கைமாறுகின்றன. குடும்பக் கல்வியைப் போற்றுவோர் இதனை வசதியாக மறந்துவிடுகின்றனர்.

காலக்கணிப்பும் கருதத்தக்கது. பிறந்த ஆண்டைக் கேட்டால், 1957 வெள்ளத்தையோ 1978 நவம்பர் 23ஆம் நாட் சூறாவளியையோ வைத்தே முதியோர் சொல்வர். அதன்பின் வந்தவற்றைக் கேட்கும்போது பேச்சுக் குறைகின்றது. காணாமற் போனோர், படையிற் சேர்க்கப்பட்ட பிள்ளைகள், திரும்பி வந்தோர் ஆகியோரைப் பற்றிப் பல வீடுகளிற் பிள்ளைகளின்முன் பேசப்படுவதில்லை. பிள்ளைகள் அந்த மௌனத்தையும் கற்றுக்கொள்கின்றனர். எந்தக் கேள்வியைக் கேட்கக் கூடாதென்பது வீட்டிலேயே முதலிற் பழகுவது.

பள்ளி இக்குறையை நிரப்பிற்றா? 1972இன் சீர்திருத்தம் வரலாற்றைச் சமூகக்கல்வியுட் கரைத்தது. 2000ஆம் ஆண்டுகளில் அது தனிப்பாடமாக மீண்டது. இரண்டிலும் அரசர்களும் ஆளுநர்களும் உண்டு, குடிமுறைக்கு இடமில்லை. இப்பிரதேசத் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடியையும் மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தையும் பொதுவாக உடையவர்கள் என்பதை, அக்கரைப்பற்றிற் களவாய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரேயின் 2008ஆம் ஆண்டு நூலிலே படிக்கலாம். ஒரேவகை வீட்டிலிருந்து வரும் இரு சமூகத்துப் பிள்ளைகள், தனித்தனிப் பாடசாலைகளிலிருந்து அதனை அறியாமலே வளர்கின்றனர்.

ஆசிரியர் ஒருவர் செய்யக்கூடியது சிறிதுதான். வீட்டைக் கட்டியது யாருடைய காசு, உறுதி யாருடைய பெயரில், அவருக்கு முன் யாருடைய பெயரில் என்ற மூன்று வினாக்களைப் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பலாம். நான்காவதாகக் குளத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். உன்னிச்சைக் குளத்து நீர் சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு நகருக்குக் குடிநீராகச் செல்கின்றது. நகரத்து வீட்டுக்குக் குழாய் எந்த ஆண்டில் வந்தது, உங்கள் வீட்டுக்கு எந்த ஆண்டில் வந்தது என்று கேட்கட்டும். விடைகளை மறுநாள் வகுப்பிலே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கரும்பலகையில் எழுதவேண்டும். பெத்தாவின் ‘வழமை’ பல வீடுகளிலிருந்து வந்து பக்கத்திற் பக்கம் நிற்கும்போதுதான், எல்லா வீட்டிலும் அது ஒரே பொருளைத் தரவில்லையென்பது பிள்ளைகளின் கண்ணிற் படும்.