சுவரொட்டிக்குக் காசு கொடுத்தது யார்? – உச்சமுனையிலிருந்து ஒரு கேள்வி

கற்பிட்டிக்கு வடக்கே, புத்தளம் களப்புக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிறது உச்சமுனை. மீன்பிடிதான் பிழைப்பு. கரைவலை இழுக்க, கருவாடு காயவைக்க, வாடி போட, எல்லாவற்றுக்கும் கரை வேண்டும். அந்தக் கரை, கற்பிட்டி ஒருங்கிணைந்த சுற்றுலாத் திட்டத்தின் 14 தீவுகளுக்குள் வருகிறது. பரம்பரையாக இருந்தும் கையில் உறுதி இல்லாதவர்களின் நிலை என்னவென்று, போருக்குப் பின் காணிக்காக அலைந்த மன்னார், முல்லைத்தீவு மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

தீவைப் பற்றிய முடிவுகள் கொழும்பில் எடுக்கப்படுகின்றன. மீனவர் அங்கே மனுவோடு போவார். முதலீட்டாளர் வேறு வழியாலும் போகலாம்: தேர்தல் நிதி. உச்சமுனைக் காணிக்காக யாரோ காசு கொடுத்தார்கள் என்று இங்கே சொல்லவில்லை. கொடுத்திருந்தால் அறிய வழி இருந்ததா என்பதுதான் கேள்வி. 1978 யாப்புக்குப் பின் விகிதாசாரத் தேர்தல் வந்தபோது செலவுக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. 2023 வரை அந்த வழி இருக்கவில்லை.

வேட்பாளருக்கு ஏன் இவ்வளவு காசு? விருப்பு வாக்குதான் காரணம். புத்தளத்தில் 8 ஆசனங்கள், 6 இலட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்காளர்கள். வென்னப்புவ முதல் கற்பிட்டி வரை ஒருவர் தன் இலக்கத்தைப் பரப்ப வேண்டும். எதிர்க்கட்சிக்காரரோடு மட்டுமல்ல, சொந்தக் கட்சிக்காரரோடும் போட்டி. வன்னி வாசகர்களுக்கு இது பழகிய காட்சி. அங்கே மூன்று மாவட்டங்கள் ஒரே தொகுதி.

இப்படித் திரட்டிய காசு பின்னர் என்ன செய்யும்? 2015 பெப்ரவரி மத்திய வங்கிப் பிணைமுறி விவகாரத்தைப் பாருங்கள். 2015 தேர்தல் செலவுக்காக, அந்த விவகாரத்தில் சிக்கிய அர்ஜுன் அலோசியஸோடு தொடர்புடைய நிறுவனத்திடமிருந்து 10 இலட்சம் ரூபா காசோலை பெற்றதாகத் தயாசிறி ஜயசேகர 2018இல் ஒப்புக்கொண்டார். அதற்கு முன்னரே, விவகாரத்தை விசாரித்த கோப் குழுவின் உறுப்பினர்கள் சிலர் அலோசியஸுடன் தொலைபேசித் தொடர்பு வைத்திருந்ததும் ஜனாதிபதி ஆணைக்குழுவில் வெளிவந்தது. காசு வாங்கியவர் எல்லாம் காரியம் செய்தார் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் தொலைபேசியை எடுக்க வேண்டிய கடமை ஒன்று ஏற்பட்டுவிடுகிறது. உச்சமுனை மீனவரின் அழைப்புக்கு அந்தக் கடமை இல்லை.

2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவினங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் செலவுக்கு உச்சவரம்பு வைத்தது. வெளிநாட்டு அரசுகள், வெளிநாட்டுக் கம்பனிகள், அடையாளம் காட்டாதவர்கள் ஆகியோரின் நன்கொடையைத் தடுத்தது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர் ஒருவருக்கு 109 ரூபா என்று கணக்கிட்டு, வேட்பாளர் ஒருவருக்கு ஏறத்தாழ 187 கோடி ரூபா வரை அனுமதித்தார்கள். இதை வரம்பு என்று சொல்லச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. முடிவுகள் வெளியாகி 21 நாட்களுக்குள்தான் வேட்பாளர் கணக்குக் காட்ட வேண்டும். அதாவது, யார் கொடுத்தார்கள் என்பது வாக்குப் போட்ட பின்தான் தெரியும். கையில் கொடுத்த ரொக்கத்தையோ, "நண்பர்" அச்சடித்துத் தந்த சுவரொட்டியையோ வேட்பாளரே எழுதினால்தான் உண்டு.

ஆனாலும் அந்தக் கணக்குகளைப் பொதுமக்கள் பார்வையிடலாம். காணிக் குத்தகை ஆவணங்களை 2016 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். ஒன்றில் நன்கொடையாளர் பெயர், மற்றதில் குத்தகைக்காரர் பெயர். புத்தளத்தில் யாராவது இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.