கரிசக்காட்டு வெயிலுக்கு ஒரு குடம் தண்ணீர்: வீட்டிலேயே கட்டும் தட்டிக் கூலர்

சித்திரை பிறந்துவிட்டால் கரிசக்காட்டில் நிழல் தேடுவதே தனி வேலையாகிவிடும். உளுந்து, பாசியெல்லாம் எடுத்து, மக்காச்சோளத் தட்டையும் அறுத்து, கடைசிப் பருத்தியும் பொறுக்கி முடித்த பிறகு கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், கயத்தாறு பக்கம் கண்ணுக்கு எட்டிய தூரம் வெறும் கறுப்பு மண்தான். கறுப்பு மண் வெயிலை அப்படியே குடிக்கும். குடித்த சூட்டை இருட்டிய பிறகும் கக்கிக்கொண்டே இருக்கும். மூட பயிரும் இல்லை, ஆவியாக ஈரமும் இல்லை. அக்னி நட்சத்திர நாட்களில் மதியம் 2 மணிக்கு வெளியே தலைகாட்ட முடியாது என்பது நமக்குத் தெரிந்ததுதான். இப்போது வீட்டுக்குள்ளேயும் இருக்க முடியவில்லை என்பதுதான் புதுசு.

காரணம் தலைக்கு மேலே இருக்கிறது. பனையோலைக் கூரையும் நாட்டு ஓடும் மண்சுவரும் போய், காங்கிரீட் தளமும் தகரக் கொட்டகையும் வந்துவிட்டன. பகல் பூராவும் காய்கிற தளம், ராத்திரி படுக்கிற நேரத்தில்தான் சூட்டைக் கீழே இறக்கும். மின்விசிறி அந்தச் சூட்டுக் காற்றையே சுற்றி விடுகிறது. "ஏசி போட்டாத்தான் தூங்க முடியும் போல" என்று கிராமத்திலும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றரை டன் ஏசி முழு வேகத்தில் ஓடினால் மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை யூனிட் இழுக்கும். மானாவாரி வருமானத்தில் அந்தக் கரண்ட் பில்லை எப்படிக் கட்டுவது?

இதற்கு வழி நம் ஊர்க் காற்றிலேயே இருக்கிறது. உடம்பை வாட்டுகிற அதே காய்ந்த காற்றுதான், தண்ணீரைக் கொண்டு குளிர்ச்சி உண்டாக்கவும் தோதான காற்று.

மண்பானை சொல்லும் கணக்கு

மானாமதுரைப் பானையில் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் நுண்துளை வழியாகக் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பானையிலிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் வெப்பம், மின்சாரக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு யூனிட். இது சின்ன அளவு இல்லை.

தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் கட்டியைப் போட்டு, மேலே குட்டி விசிறி வைத்து 'நூறு ரூபாயில் ஏசி' என்று செல்போனில் சுற்றும் வீடியோக்களை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கிலோ ஐஸ் உருகி, அந்தத் தண்ணீர் அறைச் சூட்டுக்கு வரும்வரை எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். அந்த ஐஸை உறைய வைக்கும் பிரிட்ஜ், எடுத்த சூட்டைப் பின்பக்கமாக அதே வீட்டுக்குள் விடுகிறது. பிளாஸ்டிக் பாட்டில்களைப் பாதியாக வெட்டி, அட்டையில் சொருகி ஜன்னலில் மாட்டும் 'கூலர்' இன்னொன்று. ஈரமே இல்லாத அதில் காற்று வீசலாம், ஆனால் காற்றின் சூடு குறிப்பிடும்படி இறங்காது. ஐஸும் வேண்டாம், பாட்டிலும் வேண்டாம். நனைந்த தட்டியும் அதன் வழியே போகும் காற்றும் போதும்.

உங்கள் ஊருக்கு வேலை செய்யுமா? ஒரு சோதனை

எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. இரண்டு சாதாரண வெப்பமானிகளை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றின் குமிழில் நனைந்த பருத்தித் துணியைச் சுற்றி, இரண்டையும் நிழலில் விசிறிக் காற்றில் பத்து நிமிடம் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் ஊர்க் காற்றின் 'குளிரும் சக்தி'.

கோவில்பட்டிப் பக்கத்துக் கோடை மதியம்போல 38 டிகிரி வெயிலும் 35 சதவீத ஈரப்பதமும் இருந்தால், துணி சுற்றிய மானி ஏறத்தாழ 26 காட்டும். வித்தியாசம் 12 டிகிரி. வீட்டில் கட்டும் தட்டி அதில் பாதியைப் பிடித்தாலே, உள்ளே வரும் காற்று 6 டிகிரி குறைந்து வரும். கடலோரக் காற்றில் 36 டிகிரியும் 60 சதவீத ஈரப்பதமும் இருந்தால் வித்தியாசம் 7 டிகிரிகூட வராது, கிடைப்பது 3 டிகிரிதான், அதோடு புழுக்கமும் சேரும். தூத்துக்குடி கடற்கரைக்கும் கோவில்பட்டிக்கும் இடையே சுமார் 60 கி.மீ.தான், ஆனாலும் அங்கே சோபிக்காத கூலர் இங்கே சோபிக்கும்.

வெப்பமானி இல்லையா? பிழிந்து நிழலில் போட்ட துண்டு ஒரு மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் தைரியமாகத் தட்டி கட்டலாம்.

முதலில் தளத்தைக் கவனியுங்கள்

கூலர் கட்டும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மொட்டைமாடியைக் கூட்டிக் கழுவி, சுண்ணாம்பை இரண்டு பூச்சு அடியுங்கள். வெள்ளைத் தளம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். அகமதாபாத் நகரம் 2010-ல் கடும் வெப்ப அலையில் ஏராளமான உயிர்களை இழந்த பிறகு, 2013-ல் வெப்பத்தை எதிர்கொள்ளும் செயல்திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பின்னாளில் அங்கே குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளை அடிப்பதும் அந்த முயற்சியோடு சேர்ந்தது. தெலங்கானா 2023-ல் இதற்கென்றே குளிர்கூரைக் கொள்கை அறிவித்தது. நம் வீட்டுக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பும் அரை நாள் வேலையும் போதும். தளம் கொதித்தபடி இருக்க, கீழே கூலர் ஓட்டுவது ஓட்டைச் சாலில் தண்ணீர் இறைப்பது மாதிரி.

தட்டிக் கூலர் கட்டும் விதம்

வேண்டிய பொருட்கள்: இரண்டடிக்கு இரண்டடி மரச்சட்டம் (ஜன்னல் அளவுக்கு ஏற்ப மாற்றலாம்), கோழிவலை, வெட்டிவேர் அல்லது தென்னை நார், பழைய சொட்டுநீர்க் குழாய்த் துண்டு, அகலமான பிளாஸ்டிக் தொட்டி, 18 வாட் கூலர் மோட்டார், வீட்டில் இருக்கும் டேபிள் பேன்.

1. மரச்சட்டத்தின் இரு பக்கமும் கோழிவலை அடியுங்கள். நடுவே இரண்டு அங்குல இடைவெளி இருக்கட்டும்.

2. அந்த இடைவெளியில் வெட்டிவேரையோ நாரையோ பரவலாக நிரப்புங்கள். திணித்தால் காற்று போகாது, ஓட்டை விட்டால் காற்று நனையாமல் போய்விடும். விளக்கைப் பின்னால் பிடித்தால் வெளிச்சம் அங்கங்கே கசிய வேண்டும். அதுதான் பதம். இரண்டும் கிடைக்காவிட்டால் மிளகாய் வந்த சணல் சாக்கைக் காரம் போக நன்றாக அலசி, இரண்டு மடிப்பாகத் தொங்க விடலாம்.

3. சொட்டுநீர்க் குழாயின் ஒரு முனையை அடைத்து, சூடான ஆணியால் அங்குலத்துக்கு ஒரு துளை போட்டு, சட்டத்தின் மேல் விளிம்பில் கட்டுங்கள்.

4. சட்டத்தை ஜன்னலுக்கு வெளிப்புறமாக, நிழல் விழும் பக்கம் பொருத்துங்கள். கீழே தொட்டி, தொட்டிக்குள் மோட்டார். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றும், வடிந்தது மறுபடி தொட்டிக்கே வரும்.

5. பேனை அறைக்குள், தட்டிக்கு ஓரடி பின்னால் வையுங்கள். பேனுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அட்டையாலோ பழைய பிளக்ஸ் துணியாலோ கூடு மாதிரி மூடிவிடுங்கள். அப்போதுதான் பேன் தட்டி வழியாக மட்டுமே காற்றை இழுக்கும்.

6. எதிர்ப்பக்க ஜன்னலையோ கதவையோ இரண்டு சாண் திறந்து வையுங்கள். பலரும் கோட்டை விடுகிற இடம் இதுதான். ஏசி பழக்கத்தில் எல்லாவற்றையும் மூடிவிட்டால், உள்ளே ஈரம் கட்டி அரை மணியில் வேர்த்துக் கொட்டும். கூலருக்குக் காற்று உள்ளே வர ஒரு வழி, வெளியே போக ஒரு வழி.

பேனும் மோட்டாரும் சேர்ந்து 70 வாட் அளவுதான். தினம் 8 மணி நேரம் ஓட்டினாலும் இரண்டு மாதத்துக்கு 35 யூனிட்டுக்குள் அடங்கும். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்குக் கிடைக்கும் 100 இலவச யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இது.

மேல்காற்று காலத்தில் கரண்டே வேண்டாம்

வைகாசிக் கடைசியில் மேல்காற்று தொடங்கினால் ஆடி வரை விடாது. செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் அந்தக் காய்ந்த காற்றில்தான் கயத்தாறு காற்றாலைகள் சுற்றுகின்றன. குற்றாலத்தில் சாரல் விழும்போது நமக்குப் புழுதிதான். அந்தக் காலத்தில் தட்டியை மேற்கு ஜன்னலுக்கு மாற்றிவிடுங்கள். பேன் தேவையில்லை. காற்றே தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும், புழுதியையும் ஈரம் பிடித்துக்கொள்ளும். மோட்டாரும் இல்லையென்றால், மேலே ஒரு குடத்தை வைத்து, பருத்தித் திரி வழியாகத் தட்டியில் சொட்ட விடலாம். வடிந்த தண்ணீரை மறுபடி குடத்தில் ஊற்றினால் ஆயிற்று.

தண்ணீருக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தண்ணீரை நாள் கணக்குப் பார்த்துப் பிடிக்கிற ஊர் நம்முடையது. மணிக்கு ஆயிரம் கன மீட்டர் காற்று தட்டி வழியே போய் 6 டிகிரி குறைந்தால், ஏறத்தாழ 3 லிட்டர் ஆவியாகும். உச்சி வெயிலில் 4 மணி நேரம் ஓட்டினால் 12 லிட்டர், அதாவது ஒரு குடத்துக்குள். அந்தக் குடத்தைச் சுமப்பது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் என்பதால், அதைக் கணக்காகச் செலவழிக்க வேண்டும். வீட்டில் எல்லா அறைக்கும் தட்டி கட்டாமல், பெரியவர்களும் கைக்குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கும் ஒரு அறைக்கு மட்டும் கட்டுங்கள். காலை 11 முதல் 4 வரை போதும். இரவில் வெளிக்காற்று இறங்கி, ஈரப்பதமும் கூடிவிடும். அப்போது மோட்டாரை நிறுத்திவிட்டு ஜன்னலைத் திறந்து பேனை மட்டும் ஓட்டுங்கள்.

குடிதண்ணீரை இதற்கு ஊற்ற வேண்டாம், போர் தண்ணீரே போதும். ஆனால் நம் பக்கத்துப் போர் தண்ணீர் உப்பு. தண்ணீர் ஆவியாக ஆவியாக உப்பு தட்டியிலேயே தங்கி, நார் கல்லுப்போல் இறுகிவிடும். மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டித் தண்ணீரை மாற்றுங்கள். படிந்த வெள்ளைப் பொருக்கைப் புளித்தண்ணீரில் ஊறவைத்துக் கழுவலாம். வடித்த உப்புத் தண்ணீரை நாற்றுக்கோ கீரைக்கோ ஊற்றிவிடாதீர்கள்.

கவனம்

தொட்டியில் ஒரு வாரம் தண்ணீர் அப்படியே நின்றால் டெங்கு கொசு பெருகிவிடும். வாரம் ஒரு நாள் தொட்டியைக் கவிழ்த்து, உள்சுவரைத் தேய்த்துக் காயவிடுங்கள். வாடை அடிக்கும் தட்டி பூஞ்சை பிடித்த தட்டி. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது, உடனே மாற்றுங்கள்.

தண்ணீரும் கரண்ட்டும் பக்கத்தில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. எர்த் உள்ள மூன்று முனை பிளக், கசிவு வந்தால் அணையும் ஆர்சிசிபி இரண்டும் அவசியம். தொட்டியில் கை விடும் முன் சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குங்கள்.

விதை வைத்திருக்கும் அறையில் கூலர் வேண்டவே வேண்டாம். அடுத்த புரட்டாசிக்கு எடுத்து வைத்த உளுந்தும் பாசியும் ஈரம் இழுத்தால் பூஞ்சையும் வண்டும் சேர்ந்து வரும்.

கூலர் இருக்கிறதே என்று அசட்டையாகவும் இருக்கக் கூடாது. வெயிலில் வேலை செய்தவர் உளறினாலோ மயங்கினாலோ, நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

மாட்டுக்கும் காய்கறிக்கும்

இதே தட்டியைத் தொழுவத்தின் மேற்குப் பக்கம் சாக்கில் கட்டித் தொங்க விடலாம், கோழிக் கொட்டகைக்கும் ஆகும். மற்ற பக்கங்கள் திறந்திருக்க வேண்டும்.

காய்கறி வைக்க, டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய மின்சாரமில்லாக் குளிர் அறை இருக்கிறது. செங்கல் தளத்தின் மேல், மூன்று அங்குல இடைவெளி விட்டு இரட்டைச் செங்கல் சுவர் இடுப்பளவுக்கும் கீழாகக் கட்டி, இடைவெளியில் ஆற்றுமணலை நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனைக்க வேண்டும். மேலே கீற்று மூடி, அதற்கு மேல் நிழல் பந்தல். கத்தரி, வெண்டை, கீரையைச் சந்தை நாள் வரை வாடாமல் வைத்திருக்க உதவும். குஜராத்தின் வாங்கானேரில் மன்சுக்பாய் பிரஜாபதி என்ற குயவர் களிமண்ணிலேயே குளிர்பெட்டி செய்து விற்பதும் இதே பானைத் தத்துவத்தில்தான்.

நம்மாழ்வார் ஐயா 1960-களில் பணியாற்றியது கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில்தான். மானாவாரி உழவனிடம் இல்லாத காசை எதிர்பார்க்கும் ஆராய்ச்சியில் நம்பிக்கை இழந்து 1969-ல் அந்த வேலையை விட்டு வெளியேறினார். வயலுக்கு அவர் கேட்ட கேள்வியை வீட்டுக்கும் கேட்கலாம்: வெளியிலிருந்து வாங்குவதற்கு முன்னால், நம்மிடம் என்ன இருக்கிறது? காய்ந்த காற்று இருக்கிறது. சாக்கும் நாரும் சுண்ணாம்பும் இருக்கின்றன. ஒரு குடம் உப்புத் தண்ணீர் இருக்கிறது. இந்தக் கோடைக்கு ஒரு தட்டி கட்டுங்கள். ஐப்பசி மழையில் வீட்டுக்கு மேற்கே இரண்டு வேம்பு நட்டு வையுங்கள். வேம்பு தலையெடுத்து நிழல் தரும் வரை தட்டி தாங்கும்.