பனிப் பலகையில் காலாற ஒரு நடை

இப்போதெல்லாம் நம் புதுக்கோட்டைப் பக்கத்தில் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், "மாப்பிள்ளை எங்கே இருக்கார்?" என்று கேட்டால் பதில் சிங்கப்பூர், மலேசியா, துபாயோடு நிற்பதில்லை. கனடா, ஸ்வீடன், நார்வே என்று பனி கொட்டும் தேசங்களின் பெயர்களும் வருகின்றன. பெண்ணைப் பெற்றவர்கள் ஊறுகாய், பருப்புப் பொடி, வடகம் எல்லாம் கட்டிக் கொடுக்கிறார்கள். கூடவே ஒரு ஸ்வெட்டர். ஆனால் வருஷத்தில் நாலைந்து மாதம் தரையே தெரியாமல் பனி மூடிக் கிடக்கும் ஊரில் அந்தப் பெண் எப்படிக் காலாற நடப்பாள் என்று யாரும் யோசிப்பதில்லை.

அந்த ஊர்க்காரர்கள் இதற்கு ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே வழி கண்டுபிடித்துவிட்டார்கள். காலில் இரண்டு நீளப் பலகை, கையில் இரண்டு தடி. அவ்வளவுதான். 'ஸ்கீ' என்ற சொல்லுக்கே பிளந்த மரத்துண்டு என்றுதான் அவர்களுடைய பழைய பாஷையில் அர்த்தமாம்.

டெலிவிஷனில் மலையுச்சியிலிருந்து அம்பு மாதிரி பாய்ந்து வருகிறார்களே, அது வேறே சங்கதி. நான் சொல்லும் 'கிராஸ் கன்ட்ரி ஸ்கீயிங்' சமவெளியிலும் காட்டுப் பாதையிலும் வழுக்கி வழுக்கி நடந்து போவது. பாட்டிகள் போகிறார்கள், மூன்று வயதுக் குழந்தைகளும் போகிறார்கள்.

வீட்டுக்குள்ளேயே கிடந்தால்...

என் தங்கை ஆஸ்லோ நகரில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் பிரசவத்துக்காக நான் போய் மூன்று மாதம் இருந்தேன். நவம்பரில் குழந்தை பிறந்தது. டிசம்பர் கடைசியில் அங்கே காலை ஒன்பதேகாலுக்குத்தான் சூரியன் எழும்பும். மதியம் மூன்றேகாலுக்கு இருட்டிவிடும். அவள் வீட்டுக்காரர் இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவார். இவள் ஜன்னலோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுவாள்.

"ஏன்த்தா இப்படி இருக்கே? பால் சுரக்கிறது, பிள்ளை நல்லா இருக்கு, வேற என்ன குறை?" என்றால், "தெரியலக்கா. மூச்சு முட்டுற மாதிரி இருக்கு" என்பாள்.

அங்கே ஒவ்வொரு பகுதியிலும் தாய் சேய் நல நிலையம் உண்டு. அங்கிருந்த நர்ஸம்மா அவளை உட்கார வைத்து நிதானமாகப் பேசினார். பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வு வியாதிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி டாக்டரிடம் அனுப்பினார். அதே தெருக்களில் அதே சமயம் பிள்ளை பெற்ற தாய்மார்களின் குழுவிலும் சேர்த்துவிட்டார். "பகல் வெளிச்சம் இருக்கும்போது தினமும் வெளியே போ" என்பது அவர் சொன்ன இன்னொரு யோசனை.

குழுவிலிருந்த பெண்கள் எல்லாரும் ஸ்கீ போகிறவர்கள். டாக்டர் சரி என்றதும், பிப்ரவரியில் அவளையும் இழுத்துக்கொண்டு போனார்கள். பிள்ளை என்னிடம். முதல் நாள் நாலு தடவை விழுந்து எழுந்து வந்தாள். ஆனால் பிரசவத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்ததைப் பார்த்தேன். மருந்துக்குப் பதில் இது என்று நான் சொல்லவில்லை. மருந்தும் பேச்சும் பாதி குணம் தந்தன என்றால், வெளிக்காற்றும் துணையும் மீதிப் பாதியைத் தந்தன.

ஒரு விஷயம். அந்தக் குளிர்கால வெயிலில் வைட்டமின் டி உடம்பில் உண்டாகாது. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்குக் குறைபாடு சீக்கிரம் வரும். டாக்டரைக் கேட்டு அதைத் தனியாகச் சாப்பிட வேண்டும். கைக்குழந்தைக்கும் அங்கே சொட்டு மருந்தாகத் தருகிறார்கள்.

தாயும் சேயும் சம்பந்தப்பட்ட கதை

நார்வேக்காரர்கள் விரும்பிச் சொல்லும் ஒரு சரித்திரம் உண்டு. 1206-ல் உள்நாட்டுச் சண்டை. ராஜாவின் வாரிசான ஹோக்கன் என்ற பச்சைப் பிள்ளையை எதிரிகளிடமிருந்து காப்பாற்ற, இரண்டு வீரர்கள் ஸ்கீ கட்டிக்கொண்டு பனிப்புயலில் மலை தாண்டித் தூக்கிப் போனார்கள். அந்தப் பிள்ளை 1217-ல் ராஜாவாகவே ஆனான். இதன் நினைவாக 1932 முதல் ரேனாவிலிருந்து லில்லஹாமர் வரை 54 கி.மீ. ஸ்கீ ஓட்டம் நடக்கிறது. ஓடுகிற ஒவ்வொருவரும் முதுகில் மூன்றரைக் கிலோ மூட்டை சுமக்க வேண்டும். அந்தக் குழந்தையின் எடைக்கு அடையாளமாம்!

பிள்ளை பெற்றால் உடம்பு போயிற்று என்பவர்களுக்கு மாரித் பியோர்கன் பெயரைச் சொல்லலாம். 2015 டிசம்பரில் மகனைப் பெற்ற இந்த நார்வேப் பெண், 2017 உலகப் போட்டியில் நாலு தங்கம் வாங்கினார். 2018 ஒலிம்பிக்கில் ஐந்து பதக்கம். மொத்தம் ஐந்து குளிர்கால ஒலிம்பிக்கில் 15 பதக்கங்கள்.

எந்தப் பலகை வாங்குவது?

முதலில் எங்கே போகப் போகிறோம் என்று தீர்மானிக்க வேண்டும். பலகை மூன்று வகை.

காட்டுப் பாதைப் பலகை: சுமார் இரண்டு விரற்கடை அகலம்தான். எடை குறைவு. மெஷின் ஓட்டிப் போட்டு வைத்த இரட்டைத் தடத்தில், ரயில் தண்டவாளத்தில் போவதுபோல் போகலாம். வீட்டுப் பெண்களுக்கு இதுவே போதும்.

மேட்டுநிலப் பலகை: கொஞ்சம் அகலம். ஓரத்தில் எஃகு விளிம்பு இருக்கும். தடம் போடாத பனியிலும், கெட்டியான உறைபனியிலும் பிடித்து நிற்கும்.

மலையேற்றப் பலகை: இன்னும் அகலம். ஏறும்போது அடியில் ரோமப் பட்டை ஒட்டிக்கொள்வார்கள். ரோமம் ஒரு பக்கமாய்ச் சாய்ந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. ஏறும்போது குதிகால் விடுபட்டிருக்கும். இறங்கும்போது பூட்டிக்கொள்ளலாம். இது அனுபவசாலிகளுக்கு.

காட்டுப் பாதைப் பலகையிலும் பிடிப்புக்கு மூன்று முறை உண்டு. அடியில் மீன் செதில் மாதிரி வெட்டியிருப்பது ஒன்று. சின்ன ரோமப் பட்டை பதித்திருப்பது இன்னொன்று. அன்றைய குளிருக்குத் தக்கபடி மெழுகு தேய்ப்பது மூன்றாவது. மெழுகு தேய்ப்பது பாகு பதம் பார்ப்பது மாதிரி, பழகினால்தான் வரும். புதுசாகக் கற்பவர்கள் முதல் இரண்டில் ஒன்றை வாங்கினால் தொல்லையில்லை.

பலகை நம் உயரத்தைவிட ஒரு சாண் கூடுதலாக இருக்கலாம். ஆனால் உயரத்தைவிட எடைதான் முக்கியம்! பலகையின் நடுப்பகுதி வில்லாக மேலே வளைந்திருக்கும். ஒற்றைக் காலில் முழு எடையையும் போட்டால் அந்த வில் அமுங்கிப் பனியைப் பிடிக்க வேண்டும். இரு காலிலும் நின்றால் எழும்பி வழுக்க வேண்டும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். இரண்டு பலகையிலும் சமமாக நின்றுகொண்டு, காலுக்கடியில் ஒரு காகிதத்தை நுழைக்கச் சொல்லுங்கள். தாராளமாய் நகர வேண்டும். ஒரு பலகையில் மட்டும் எடையைப் போட்டால் காகிதம் அசையக் கூடாது. என் தங்கைக்கு ஒரு கடையில் எடையே கேட்காமல் விறைப்பான பலகையைத் தள்ளிவிட்டார்கள். மேடு ஏறினால் பின்னுக்கு வழுக்கிக்கொண்டே இருந்தது. காகிதச் சோதனை செய்து மாற்றிய பிறகுதான் சரியாயிற்று.

பூட்ஸ்: செலவழிப்பதானால் இதில் செலவழியுங்கள். கம்பளிக் காலுறை போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். விரல்கள் உள்ளே ஆட வேண்டும், குதிகால் தூக்கக் கூடாது. இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைத்துவிடும். எல்லா பூட்ஸும் எல்லாப் பலகையின் கொக்கியிலும் மாட்டாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தே வாங்குங்கள்.

தடி: நம் உயரத்தில் ஏறக்குறைய 84 சதவிகிதம். 155 செ.மீ. உயரப் பெண்ணுக்கு 130 செ.மீ. தடி.

முதல் வருஷம் எதையும் வாங்காமலேயே இருப்பது இன்னும் உத்தமம். நார்வேயில் 'பூவா' என்ற ஏற்பாட்டில் விளையாட்டுச் சாமான்களை இலவசமாகவே இரவல் தருகிறார்கள். பள்ளிக்கூடங்களில் நடக்கும் பழைய சாமான் விற்பனையிலும் மலிவாகக் கிடைக்கும். குழந்தைகளுக்குப் புதுசு வாங்குவது வீண். வருஷா வருஷம் கால் வளர்கிறதே!

பருத்தி வேண்டாம்

நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியைப் போல் உண்டா? ஆனால் பனியில் அதுதான் பகை. வேர்வையை உறிஞ்சி ஈரமாகவே இருந்து, நின்றவுடன் உடம்பைச் சில்லிட வைத்துவிடும். உள்ளே ஒட்டினாற்போல் மெல்லிய கம்பளி, நடுவில் தடித்த கம்பளி, வெளியே காற்றுப் புகாத சட்டை என்று வெங்காயத் தோல் மாதிரி மூன்று அடுக்கு போட வேண்டும். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிஷத்தில் சூடாகிவிடும். உள்பாடியும் பருத்தியாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். காதை மூடும் தொப்பி, கையுறை, ஃபிளாஸ்க்கில் சூடாகக் குடிக்க ஏதாவது, மாற்றுக் கையுறை ஒரு ஜோடி. இவை இல்லாமல் கிளம்பக் கூடாது.

கற்றுக்கொள்ளும் முறை

முதலில் தடியே இல்லாமல் சமதரையில் நடந்து பழகச் சொல்கிறார்கள். உடம்பின் எடை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுசாக மாற வேண்டும், அதுதான் சூட்சுமம். விழுந்தால் பக்கவாட்டில் விழ வேண்டும். பலகைகளைச் சரிவுக்குக் குறுக்கே வைத்து, முட்டி போட்டு எழ வேண்டும்.

வேகத்தைக் குறைக்க முன்முனைகளைச் சேர்த்து, பின்முனைகளை அகட்டி, உள்விளிம்பை அழுத்த வேண்டும். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஏர் உழுவது'. மேடு ஏற, முன்முனைகளை அகட்டி வைத்து ஏறுவார்கள். பின்னால் பனியில் விழும் தடத்தைப் பார்த்து அதற்கு 'மீன் முள்' என்று பெயர். நமக்குத் தெரிந்த சாமான்கள்தானே!

பிரசவமானவர்கள் ஆறு வாரப் பரிசோதனை முடித்து, டாக்டர் சொன்ன பிறகே தொடங்க வேண்டும். சிசேரியன் ஆனவர்கள் இன்னும் பொறுக்க வேண்டும். இருமினால் சிறுநீர் கசிகிறது, அடிவயிறு கனக்கிறது என்றால் இடுப்புத்தளத் தசைப் பயிற்சியை முதலில் செய்யுங்கள். மற்றபடி கை, கால், முதுகு, வயிறு எல்லாவற்றுக்கும் வேலை கொடுத்தும், ஓடுவதுபோல் மூட்டில் அடி விழாத பயிற்சி இது.

குழந்தையைப் பின்னால் கட்டியிழுக்கும் வண்டியில் வைத்தும் போகிறார்கள். ஜாக்கிரதை! இழுக்கும் அம்மாவுக்கு வேர்க்கும், அசையாமல் படுத்திருக்கும் பிள்ளைக்குக் குளிரும். அடிக்கடி நின்று பிடரியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கைக்குழந்தையை எப்போது கூட்டிப் போகலாம் என்று நர்ஸைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

மலைக்குப் போகும் முன்...

ஆஸ்லோவைச் சுற்றியுள்ள காட்டுக்கு மெட்ரோ ரயிலிலேயே போய் இறங்கலாம். 1883-ல் தொடங்கிய ஸ்கீ சங்கம் தடம் போட்டு வைக்கிறது. சிவப்புக் குறி ஸ்கீ பாதை, நீலக் குறி கோடைப் பாதை. இங்கே பயமில்லை.

தடம் இல்லாத மலை அப்படியல்ல. பனிச்சரிவு ஆளை விழுங்கிவிடும். பெரும்பாலும் 30 டிகிரிக்கு மேல் செங்குத்தான சரிவில்தான் பனிப்பாளம் உடைகிறது. நாம் சரிவில் ஏறாமல், கீழே நடந்தாலும் மேலேயிருந்து வந்து மூடலாம். போகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் மூன்று சாமான் இருக்க வேண்டும்: புதைந்தவரைக் காட்டும் சிக்னல் கருவி, குத்திப் பார்க்கும் நீளக் கம்பி, மண்வாரி. புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க வாய்ப்பு அதிகம். வெளியிலிருந்து உதவி வரும்வரை காத்திருக்க நேரமில்லை. சாமான் இருந்தால் மட்டும் போதாது, பயிற்சி வகுப்பும் வேண்டும்.

நான் ஊர் திரும்பிய பிறகு, ஈஸ்டர் விடுமுறையில் தங்கை வீட்டுக்காரரை ஆபீஸ் நண்பர்கள் மலைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு ஒரே ஆசை. இவள் அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்தாள். ஐந்து படியில் மூன்றாவது படி. மூன்றுதானே என்று பலர் நினைக்கிறார்கள், அதுவே கணிசமான அபாயம். "உங்களிடம் அந்தக் கருவியும் இல்லை, பழக்கமும் இல்லை. பிள்ளைக்கு அப்பா வேணும்" என்றாள். அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் போகவில்லை. காட்டுப் பாதையில் பிள்ளையோடு ஆரஞ்சுப் பழம் உரித்துத் தின்று விடுமுறையைக் கழித்தார்கள். அந்த மலையில் அன்று ஒன்றும் நடக்கவில்லைதான். அதனால் அவள் சொன்னது தப்பாகிவிடாது.

நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்பது விதிகள் உண்டு. 1967 ஈஸ்டரில் பலர் மலையில் இறந்த பிறகு நாடெங்கும் பரப்பியவை. அதில் ஒன்று, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் அவமானமில்லை என்பது. வீட்டு ஆண்களுக்கு மனப்பாடம் செய்விக்க வேண்டிய விதி!

நம் நாட்டிலும் உண்டு

காஷ்மீரில் குல்மார்க், உத்தரகண்டில் ஆவ்லி ஆகிய இடங்களில் ஸ்கீ பழகலாம். குல்மார்க்கில் மத்திய அரசின் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. பனியே விழாத குடகிலிருந்து போன பவானி தெக்கடா நஞ்சுண்டா என்ற பெண், 2025-ல் சிலி நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டியில் 5 கி.மீ. கிராஸ் கன்ட்ரி பிரிவில் வெண்கலம் வாங்கினார். பிறந்த ஊரில் பனி இல்லை என்பது ஒரு காரணமே அல்ல.

பனி தேசத்தில் பெண்ணோ தங்கையோ இருக்கும் சகோதரிகள், அடுத்த முறை போன் பேசும்போது "என்ன சமைத்தாய்?" என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "இன்னிக்கு வெளியே போனியா? யாரோட போனே?" என்றும் கேளுங்கள். பதில் இரண்டு வாரம் தொடர்ந்து "இல்லை" என்றே வந்தால், அந்த ஊர் நர்ஸையோ டாக்டரையோ பார்க்கச் சொல்லுங்கள்.