டேப் இல்லாமல் தூரம் அளக்கும் துப்பாக்கி!

எதிரே நிற்கும் ஆள் எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறான்? டேப் பிடித்தா அளக்க முடியும்? ராணுவ வீரருக்கு இதைச் சொல்வது துப்பாக்கி மேல் உள்ள டெலஸ்கோப்தான்.

சோவியத் ராணுவத்தில் 1963-ல் சேர்ந்தது 'டிராகுனோவ்' துப்பாக்கி. இந்திய ராணுவமும் இதைப் பயன்படுத்தியது. இதன் டெலஸ்கோப்புக்குள் கீழே ஒரு நேர்கோடு, அதற்கு மேலே ஒரு வளைகோடு. வளைகோட்டில் 2, 4, 6, 8, 10 என எண்கள். ஆளின் கால் நேர்கோட்டிலும், தலை வளைகோட்டிலும் தொடுகிற இடத்தில் 4 இருந்தால் தூரம் 400 மீட்டர்.

தூரம் போகப்போக குண்டு கீழே இறங்கும். அதைச் சரிக்கட்ட, மேலே உள்ள திருகை 4-க்கு திருப்பி குறி பார்க்கணும்.

ஆனா இந்தக் கணக்கு 1.7 மீட்டர் உயர ஆளுக்குத்தான். அவன் குனிந்து பாதி உயரம் ஆயிட்டா, 400 மீட்டர் 800 மாதிரி காட்டும். அதை நம்பி சுட்டா குண்டு தலைக்கு மேலே பறந்துடும்!