போனைக் கொடுக்காதீங்க, ஜன்னலைக் காட்டுங்க!

பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோட கார்ல கிளம்புறீங்களா? பின் சீட்டுல அக்கா குழந்தையைப் பார்த்துக்கிற வேலை எப்படியும் உங்க தலையிலதான் விழும். அழுதா உடனே போனை நீட்டிடுவோம். சிக்கலே அங்கேதான்.

வண்டி வளைவதையும் குலுங்குவதையும் உள்காது உணர்கிறது. கண்ணோ மடியில் இருக்கும் திரையையே பார்க்கிறது. ரெண்டு சென்சார் வேற வேற ரீடிங் கொடுத்தா மூளை குழம்பும். குமட்டல், வாந்தி வரும். 2 முதல் 12 வயது வரை இது அதிகம். கொல்லிமலைக்குப் போனா 70 கொண்டை ஊசி வளைவு, யோசிச்சுக்கோங்க!

அதனால கண்ணை வெளியே திருப்புங்க. எண் தெரிந்த குழந்தைக்கு நம்பர் பிளேட் விளையாட்டு: டி.என். 37 கோவை, 45 திருச்சி, 59 மதுரை, 72 நெல்லை. இன்னும் சின்னக் குழந்தைன்னா, முதல்ல ஆட்டைப் பார்த்தவங்களுக்கு ஒரு பாயின்ட். இருட்டிட்டா விடுகதை, பாட்டு. காதுக்கு மட்டும் வேலை.

வயிறு முட்டச் சாப்பிட வைக்காம, கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதுகாப்பான இடத்துல இறக்கி ஓடவிடுங்க. குழந்தை திடீர்னு பேச்சை நிறுத்தி, முகம் வெளுத்தா உடனே வண்டியை ஓரங்கட்டச் சொல்லுங்க. எதுக்கும் ஒரு கவர் கையில இருக்கட்டும்!